பேர் சொல்லாத ஜெபம்

1

இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், எடுத்ததுமே "உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லிவிடுவார்கள். வந்த புதிதில் அது ஆறுதலாக இருந்தது. இப்போது அந்தப் பேச்சைக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது. ஒன்றுமில்லாவிட்டால் எதற்கு வேலை மெனக்கெட்டுப் போன் செய்கிறார்கள்?

அன்று ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளை. நர்சுகள் சாப்பிடும் அறையில், முந்தின நாள் வைத்த மீன்கறியை வாசனை அதிகம் வராமல் சூடாக்குவது எப்படி என்ற என் அன்றாடக் கவலையில் இருந்தேன். போன் அடித்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நானும் கணவரும் நாளை பள்ளிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். என்ன விஷயம் என்றேன். நேரில் பேசலாமே என்றார்கள். மீன்கறி அப்படியே டப்பாவுக்குள் திரும்பிப் போனது.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் என் மகளின் பெயர் வராது. பள்ளியின் பெயரும், நாங்கள் இருக்கும் ஊரின் பெயரும் வராது. இங்கிலாந்து, மழை பெய்யும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லா ஊரும் அப்படித்தான். நான் பிறந்த ஊர் அருமனை என்று மட்டும் சொல்லலாம். அங்கே இருக்கிறவர்கள் இது யார் எழுதியது என்று டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

2

பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே இங்கே பள்ளியில் ஓர் ஆசிரியை இருக்கிறார். அவருடைய அறையில் மேசைமேல் கைக்கு எட்டும் இடத்தில் டிஷ்யூ பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததுமே என் கணவர் முகம் வெளிறிவிட்டது. பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் அழுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றுதானே அர்த்தம்.

ஆசிரியை நிதானமாகச் சொன்னார். என் மகள் படங்கள் போடும் செயலி ஒன்றில் ஓர் ஆள் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். முதல் மெசேஜிலேயே அவளை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். எங்களையும் ஊரில் உள்ளவர்களையும் தவிர யாரும் அந்தப் பேரில் அவளைக் கூப்பிடுவதில்லை. நான் உன் மாமாவுக்குத் தெரிந்த அங்கிள், உங்கள் சபைதான், வீசிங் இப்போது எப்படி இருக்கிறது, உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். அவளும் "தேங்க்யூ அங்கிள்" என்று பதில் போட்டிருக்கிறாள்.

அதன்பின் சில வாரங்கள். பஸ்ஸில் தனியாகத்தான் போகிறாயா, புதுப் பள்ளியில் கூட்டுக்காரிகள் கிடைத்தார்களா என்றெல்லாம் விசாரிப்பு. ஜெபிக்கும்போது முன்னால் வைத்துக்கொள்ள ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சீருடையில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாள். அடுத்து, வீட்டில் இருக்கும்போது எடுத்த படம் வேண்டும் என்றிருக்கிறான். அதற்கு அவள் பதில் போடுவதற்குள், அம்மாவிடம் சொல்லவேண்டாம், இது நமக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று இன்னொரு மெசேஜ்.

அந்த இடத்தில் என் மகள் நின்றுவிட்டாள். ரகசியமாக வைத்துக்கொள் என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் உடனே வந்து எங்களிடம் சொல் என்று இந்தப் பள்ளியில் சேர்ந்த வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை முதல் வகுப்புக்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்திருக்கிறாள்.

"உங்கள் மகள் மிகச் சரியாக நடந்துகொண்டாள்" என்றார் ஆசிரியை. நான் டிஷ்யூ பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. இந்த நாட்டில் எந்தத் துயரத்துக்கும் ஒரு படிவம் உண்டு. பிள்ளையோடு தொடர்பில் இருக்கும் ஆண் உறவினர்கள் யார் யார் என்று கேட்டார்கள். அவள் அங்கிள் என்று கூப்பிடுகிறவர்களைச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணவர் தன் தம்பியில் ஆரம்பித்தார். பிறகு தமிழ்க் கடைக்காரர், என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சியின் கணவர், இங்குள்ள போதகர், ஊரில் உள்ள போதகர், ஊரில் காரோட்டி வருகிறவர், ஏர்போர்ட்டில் ஒருமுறை பெட்டி தூக்கிக்கொடுத்தவர் என்று போய்க்கொண்டே இருந்தது. படிவத்தில் இடம் முடிந்துவிட்டது.

"இவர்கள் எல்லாரும் உறவினர்களா?" என்று கேட்டார் ஆசிரியை.

"இல்லை. எல்லாரும் அங்கிள்" என்றேன். என் ஆங்கிலம் அதற்குமேல் ஓடவில்லை. வார்டில் கிழவர்களுக்கு இதய நோயை விளக்கும் எனக்கு, நாங்கள் ஏன் கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் அங்கிள் ஆக்குகிறோம் என்று விளக்க வார்த்தை கிடைக்கவில்லை. அவர் பொறுமையாக ஏதோ எழுதிக்கொண்டார்.

ஊருக்கு வீடியோ கால் போட்டால் நடப்பது உங்களுக்குத் தெரியும். போன் கைமாறிக் கைமாறி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் போகும். "இது யாருன்னு தெரியுதா மக்கா? அங்கிளுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்பார்கள். பிள்ளைக்கு யாரென்று தெரியாது. தெரியாது என்று சொன்னால் மரியாதை கெட்டுப்போகும். ஆகவே ஸ்தோத்திரம் சொல்லும். பேசப் பழகிய நாளிலிருந்தே என் மகளை நாங்கள் அப்படிப் பழக்கியிருக்கிறோம். முகம் தெரியாத ஒருவன் வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, அவள் எங்களிடம் படித்த பாடத்தைத்தான் ஒப்பித்திருக்கிறாள்.

3

எங்கள் வீட்டில் காவல் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம். பள்ளியில் இணையப் பாதுகாப்புக் கூட்டம் வைத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்தான். கணவர் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் அன்றே செய்தார். டேப்லெட்டுக்கும் டிவிக்கும் பூட்டு, விளையாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு, சாப்பாட்டு மேசையில் போன் கூடாது, படுக்கையறையில் கூடவே கூடாது. அவர் போட்ட பாஸ்வேர்டை அவரே மறந்துபோய் ஒரு வாரம் யாரும் டிவி பார்க்கவில்லை. இத்தனையும் செய்துவிட்டு, பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டோம்.

அப்படியிருக்க வீட்டுப் பேரும் வீசிங்கும் அவனுக்கு எப்படித் தெரிந்தன? பள்ளியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் நிற்கும்போது கணவர்தான் மெல்லக் கேட்டார், "உங்க அண்ணன் குரூப்ல ஏதும் போட்டாவளா?"

என் அண்ணனுக்கு அருமனை பக்கம் ஹார்டுவேர் கடை. சபையின் ஜெபக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். அந்தக் குழுவுக்கு வாட்ஸ்அப் உண்டு, நானும் அதில் இருக்கிறேன். காலையும் மாலையும் வரும் வாக்குத்தத்த வசனப் படங்களைப் பார்க்காமலேயே தள்ளிவிடுவது என் வழக்கம். அன்று வண்டியிலேயே பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் போனேன். பள்ளி திறந்த வாரத்தில் கிடைத்தது.

என் மகளின் படம். புதுச் சீருடை, மார்பில் பள்ளியின் சின்னம். முதல் நாள் காலையில் எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். அதன்கீழே அண்ணன் எழுதியிருந்தார்: தங்கை மகள், முழுப்பெயர், அடைப்புக்குள் வீட்டுப் பேர், எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு. வீசிங் தொந்தரவு உண்டு. தனியாகப் பஸ்ஸில் போய் வருகிறாள். இன்னும் கூட்டுக்காரிகள் யாரும் இல்லாமல் மனம் சோர்ந்திருக்கிறாள். பிள்ளையின் பாதுகாப்புக்காக ஜெபிக்கவும், மற்ற குழுக்களுக்கும் அனுப்பவும்.

பாதுகாப்புக்காக என்ற அந்த வார்த்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கெட்டவன் கேட்டு வாங்க வேண்டிய அத்தனையையும் அண்ணன் அன்போடு, பிழையில்லாமல் எழுதி, படத்தோடு வெளியே வைத்திருந்தார். கீழே வரிசையாக ஆமென்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் அண்ணனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்தையும் முதலில் சபைக்குத்தான் சொல்வோம். பிளஸ் டூவில் நான் கெமிஸ்ட்ரியில் தோற்றபோது அந்த வாரமே வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்களில் ஒருவர் கண்ணை மூடி, கெமிஸ்ட்ரியில் பதினேழு மார்க் வாங்கிய இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும் என்று, தெருமுனை வரை கேட்கும் குரலில் ஜெபித்தார். நான் பாயில் உட்கார்ந்து, பூமி பிளக்காதா என்று காத்திருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் கட்டன்சாயாவும் ரசகதலிப் பழமும் சாப்பிட்டார்கள். மறுநாள் மார்த்தாண்டம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தரும்போதே, "டுட்டோரியல்ல சேரு பிள்ளே, கெமிஸ்ட்ரி ஒண்ணும் பயப்படாண்டாம்" என்றார்.

இரண்டாம் முறை எழுதித் தேறினேன். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர்தான் நர்சிங் படிப்பில் இடம் இருக்கிறது என்று வந்து சொன்னார். நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து பவுண்டில் சம்பளம் வாங்குவது அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டதால்தான். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றால் அவளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருப்பது. பஸ் நிற்கும் சந்திப்பில் அவளோடு யாராவது நின்று பேசினால் அவள் வீடு சேருமுன் செய்தி வீடு சேர்ந்துவிடும். அண்ணன் அந்த வழக்கத்தை அப்படியே போனுக்குள் கொண்டுவந்துவிட்டார். சந்திப்பில் நிற்கிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். போனுக்குள் நிற்கிறவர்களைத் தெரியாது.

4

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. என் பிள்ளை பள்ளி ஆசிரியையிடம் சொன்னாள். அடுத்த அறையில் இருந்த என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டேன். அவள் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். மனசில் இருப்பதைச் சொல்ல அவளுக்கு இப்போது ஆங்கிலம்தான். சாப்பாடு, தலைவலி, ஸ்தோத்திரம் ஆகியவற்றுக்கு மட்டும் தமிழ். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன்னிடம் சொன்னால் நீ மாமாவிடம் சொல்வாய். மாமா எல்லாரிடமும் சொல்வார். அப்புறம் எல்லாரும் எனக்காக ஜெபிப்பார்கள்."

"அதில் என்ன?"

"போன தடவை ஊருக்குப் போனபோது, பல் டாக்டரிடம் நான் அழுதது, கணக்கில் மார்க் குறைந்தது, ராத்திரி பயப்படுவது எல்லாம் சர்ச்சில் ஒரு ஆன்ட்டிக்குத் தெரிந்திருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. என் கன்னத்தைத் தடவி, இப்போது பயம் போயிற்றா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் உன்னிடம் எதையும் சொல்வதில்லை, அம்மா."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். பூட்டு போட்டேன், பாஸ்வேர்டு போட்டேன். என் பிள்ளை வாயைத் திறப்பாளா என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஆளை ஆசிரியையும் அவர் தகவல் கொடுத்த போலீசும் பார்த்துக்கொள்ளட்டும். அவன் கணக்கு அதற்குள் காணாமலும் போயிருந்தது. நாளைக்கு இன்னொருவன் வருவான், வராமலிருக்க மாட்டான். அன்றைக்கு இவள் என்னிடம் வந்து சொல்லவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

"இதை மாமாகிட்ட சொல்லமாட்டேன்" என்றேன் தமிழில்.

"பார்க்கலாம்" என்றாள் ஆங்கிலத்தில்.

5

இரவும் பகலும் வார்டில் நின்று களைப்பதுகூடப் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்து, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அண்ணனிடம் காரணம் சொல்லாமல் சண்டை போடுவது போன்ற களைப்பு வேறில்லை.

"அண்ணே, பிள்ளைக்கப் படம் போட்ட அந்த மெசேஜ அழிச்சிருங்க."

"என்னத்துக்கு மக்கா? பிள்ளைக்கு என்னமாம் தீனமா? வீசிங் கூடிச்சா?"

"தீனமெல்லாம் ஒண்ணும் இல்ல. அழிச்சிருங்க."

"காரணம் சொல்லு. எனக்க மருமவளுக்கு நான் ஜெபிக்கப்பிடாதா?"

"ஜெபிக்காண்டாம்னு நான் சொன்னனா? பேரும் பள்ளிக்கூடமும் படமும் போடாண்டாம்."

"பேரு சொல்லாம எப்பிடிட்டி ஜெபிக்கது? யாருக்குன்னு தெரியாண்டாமா?" அண்ணனின் குரல் ஏறியது. "அங்க போயி நீ மாறிப்போன. உங்க நாட்டுல இப்பம் ஜெபத்துக்கும் லைசென்சு வேணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது. அவர் நல்ல மனிதர். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காக ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். "அந்த மெசேஜ் எத்தன கைக்குப் போயிருக்குன்னு தெரியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"அது நல்லதுக்கில்லியா? குவைத்துலேருந்து ஒருத்தரு ஆமென் போட்டிருக்காரு. பம்பாய்லேருந்து ஒருத்தரு. பம்பாய்க்காரரு எல்லா நாளும் பிள்ள எப்படி இருக்கான்னு கேப்பாரு."

"அவரு யாரு?"

"விசுவாசி."

"பேரு என்ன? எந்த சபை? நீங்க நேர்ல கண்டிருக்கியளா?"

போனில் கடையின் சத்தம் கேட்டது. யாரோ அரை இஞ்சு பைப் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "செரி, வைக்கேன்" என்றார் அண்ணன்.

மெசேஜை அழித்துவிட்டார். அவர் போனிலிருந்து அழிந்தது. மற்றக் குழுக்களுக்குப் போனது போனதுதான். அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஊரில் உள்ளவர்கள் வழியாகத் தெரிந்தது, தங்கச்சிக்குப் பெரிய உத்தியோகம் வந்துவிட்டது, இனி நம்முடைய ஜெபம் தேவையில்லை என்று சொன்னாராம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. மார்த்தாண்டத்தில் இறங்கினால் பிள்ளைகளின் முகம், பேர், மார்க், அப்பாவின் பேர், பள்ளியின் பேர் எல்லாம் போட்ட பிளெக்ஸ் போர்டுகளுக்குக் கீழேதான் நடக்கிறேன். ஊர்ப் பள்ளிகளின் வகுப்புக் குரூப்பில் யாருக்குக் காய்ச்சல், யார் ஃபீஸ் கட்டவில்லை, யார் எந்த வேனில் வருகிறாள் என்று எல்லாம் இருக்கிறது. எல்லாம் அன்பும் பெருமையும்தான். பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் கையில் இருக்கும் போனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

6

போன சனிக்கிழமை எனக்கு விடுமுறை. சமையலறையில், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. இங்கே அது உறையவைத்த பாக்கெட்டில் வரும். மகள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜெபக் குழுவில் அண்ணனின் குரல் செய்தி ஒன்று வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரிலேயே போட்டேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கணும். ஒரு கெட்ட காரியத்துலேருந்து கர்த்தர் அந்தப் பிள்ளைய காப்பாத்தியிருக்காரு. இனியும் காக்கணும். அவ்வளவுதான்."

என் கை நின்றுவிட்டது. நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பம்பாய்க்காரரைத் தேடிப் பார்த்து, அப்படி ஓர் ஆளை யாருக்கும் தெரியாது என்று கண்டு அண்ணனே புரிந்துகொண்டிருப்பார் போல. மகளும் பேனாவை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

குழுவுக்குப் பொறுக்குமா? ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் வந்து விழுந்தன. "யாருக்க பிள்ள செயலாளரே?" "ஆணா, பெண்ணா?" "என்ன காரியம்னு சொன்னா ஜெபிக்க வசதியா இருக்கும்." "எந்த வீடுன்னாவது சொல்லுங்க." ஒரு ஆன்ட்டி, கன்னத்தைத் தடவிய ஆன்ட்டியாகவும் இருக்கலாம், "போட்டோ உண்டா?" என்று கேட்டார்.

அண்ணனின் பதில் வந்தது. கடைச் சத்தத்துக்கு நடுவே, எரிச்சலான குரல்.

"வீடும் அட்ரசும் கர்த்தருக்குத் தெரியும். நீங்க ஜெபியுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அது நானா?"

"மாமா சொல்லல்லியே. எனக்கெப்படித் தெரியும்?"

"நீ சொல்லலையா?"

"இல்ல."

கொஞ்சநேரம் எழுதினாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, அடுப்பின் பக்கத்தில் என் தோளில் தோள் படும்படி நின்றாள். "அம்மா, ஒரு காரியம் சொல்லட்டா?" என்றாள், தமிழில். "மாமாகிட்ட சொல்லாண்டாம். அப்பாகிட்டயும் இப்பம் சொல்லாண்டாம்."

நான் அடுப்பை அணைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிழங்கு ஆறிப்போனது.

அவள் சொன்னது என்ன என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். அருமனைக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். நான் எழுதப்போவதில்லை. ஜெபிக்க விரும்புகிறவர்கள் பேர் சொல்லாமல் ஜெபிக்கலாம்.